சின்ன எழுத்து கிருஷ்ணவேணி

"இலையத் திருப்பு."

மல்லாட்டைச் செடியை வேரும் நிலக்கடலையுமாகப் பிடுங்கி வந்தவர் திருப்பிக் காட்டுகிறார். கிருஷ்ணவேணி மேசை இழுப்பறையிலிருந்து எட்டணா அளவுள்ள ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, இலையின் அடிப்பக்கத்தை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்க்கிறாள். பின்னால் மூன்று பேர் நிற்கிறார்கள். வெளியே திண்டிவனம் பேருந்து ஹாரன் அடிக்கிறது. அவளுக்கு எதுவும் காதில் விழுவதில்லை.

"இது பேனு. நீ கேக்குற மருந்து புழுவுக்கு அடிக்கிறது. இதுக்கு ஆவாது."

வேறு புட்டியை எடுக்கிறாள். அதைக் கொடுத்துக் காசை வாங்கினால் வியாபாரம் அந்த நிமிடமே முடிந்துவிடும். ஆனால் புட்டியைச் சுற்றி ஒட்டியிருக்கும் தாளில், எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும் எழுத்துகளை, கண்ணாடியை வைத்து உரக்கப் படிக்காமல் அவள் யாரையும் அனுப்ப மாட்டாள். டேங்குக்கு எத்தனை மில்லி, எதோடு கலக்கக் கூடாது, அடித்து எத்தனை நாள் கழித்து அந்தக் கழனியில் மாட்டை விடலாம், காலாவதி எந்த மாதம்.

"ஜல்தி குடும்மா, பஸ்ஸு போயிடும்."

"போனா இன்னொண்ணு வரும். பெருசா எழுதிக்கீறது விளம்பரம். சின்ன எழுத்துலதான் சேதி கீது. கேட்டுக்கினு போ."

சாலைகள் கூடும் கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் உரக்கடை எது என்று கேட்டால் மூன்று கடையைக் காட்டுவார்கள். சின்ன எழுத்துக்காரம்மா கடை எது என்று கேட்டால் பஞ்சர் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் பச்சை ஷட்டர் போட்ட ஒரே கடையைத்தான் காட்டுவார்கள்.

நாற்பத்தேழு வயது. பிறந்த வீடு திருவெண்ணெய்நல்லூர் பக்கம், கரும்பும் நெல்லும். கட்டிக்கொண்டு வந்த வீடு மயிலம் பக்கம், நாலு ஏக்கர், மல்லாட்டையும் கொஞ்சம் கரும்பும். கடையைத் தொடங்கியவர் கணவர் சுப்பராயலு. உரக்கடைக்காரர்கள் ஒரு வருடம் படித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது, திண்டிவனத்தில் நடந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு முதல் வாரம் போனவரும் அவர்தான். திரும்பி வந்து, "அங்க ஒக்கார முடியல, தூக்கம் வருது" என்றார். இரண்டாம் வாரத்திலிருந்து கிருஷ்ணவேணி போனாள். நாற்பத்தேழு ஞாயிறு, ஒன்றுகூட விடவில்லை. உரிமம் அவள் பெயருக்கு மாறியது. அவர் கழனிக்குத் திரும்பினார். இருவருக்குமே அது பிடித்திருந்தது.

அவளிடம் ஒரு கேள்வி உண்டு. "அது எதுக்கு?" சண்டைக்காகக் கேட்பதில்லை. வாழைப்பழத்தில் விதை எங்கே போயிற்று என்று கேட்பதுபோலக் கேட்பாள். விடை கிடைத்தால் முகம் மலர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் அடுத்த நாளும் வந்து கேட்பாள்.

அந்தக் கேள்விதான் அவளைத் தாய்லாந்து வரை கொண்டுபோனது.

உரக்கடைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. மருந்துக் கம்பெனி வருடத்துக்கு இவ்வளவு சரக்கு விற்க வேண்டும் என்று இலக்கு வைக்கும். எட்டியவர்களைச் சுற்றுலா அழைத்துப்போகும். உரிமம் மனைவி பெயரில் இருந்தாலும் பயணத்துக்குப் போவது கணவனோ மைத்துனனோதான். அப்படி மூன்று வருடத்துக்கு முன்பு சுப்பராயலு கொழும்புக்குப் போய்வந்தார். நான்கு நாள். கடல் பார்த்தார், யானை பார்த்தார், எல்லாருக்கும் தேயிலை வாங்கி வந்தார்.

அடுத்த மாதம் வங்கிக் கணக்கின் தாள் வந்தது. கிருஷ்ணவேணி அதையும் படித்தாள். காசு எடுத்த எட்டு வரிகளுக்கு நடுவே, நூற்று இருபத்தைந்து, இருபத்திரண்டு ஐம்பது, அறுபத்தெட்டு என்று சின்னச் சின்னதாக இருபதுக்கும் மேற்பட்ட வரிகள் கிடந்தன. கூட்டினாள். நாலாயிரத்துச் சொச்சம் வந்தது.

"இது எதுக்குங்க?"

"எது?"

"இந்த நூத்தி இருவத்தஞ்சு. எட்டு தடவ கீது."

"செலவுதான். எனக்கு இன்னா தெரியும்? மெஷின்ல அழுத்தனேன், காசு வந்துச்சி."

அவருக்கு அத்தோடு அது முடிந்துபோனது. அவளுக்கு அங்கேதான் தொடங்கியது. காசு போனது அவளை அவ்வளவாக உறுத்தவில்லை. போன வழி தெரியாததுதான் உறுத்தியது. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திண்டிவனத்துக்குப் பேருந்து ஏறினாள்.

வங்கியில் சித்தார்த்தன் என்ற இளம் அதிகாரி இருந்தார். முதல் நாள் வரிசையாக விளக்கினார். வெளிநாட்டு மெஷினில் பணம் எடுத்தால் நம் வங்கி ஒரு கட்டணம் எடுக்கும். அந்த மெஷினின் வங்கி தனியாக ஒன்று எடுக்கும். காசை மாற்றிக் கொடுப்பதற்கு நூற்றுக்கு மூன்றரை. அந்த மூன்றரையின் மேல் வரி.

"மூன்றரை மேல வரியா, மொத்தத்து மேல வரியா?"

"மூன்றரை மேலதாம்மா."

"அப்ப எட்டு தடவ கொஞ்சம் கொஞ்சமா எடுக்காம, ஒரே தடவையா எடுத்திருந்தா?"

"ஒரு தடவதான் கட்டணம் போயிருக்கும்."

இரண்டாவது முறை போனபோது கணக்குத் தாளில் ஓட்டல் பில் பதிந்திருந்த இடத்தைக் காட்டினாள். மற்ற இடங்களில் இலங்கைக் காசு போட்டிருந்தது, இதில் மட்டும் நம் ரூபாய். அது ஏன்? சித்தார்த்தன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுவரை யாரும் அதைக் கவனித்து வந்து கேட்டதில்லை.

"கார்டு தேய்ச்சா சில மெஷின் கேக்கும்மா, உங்க ஊர் ரூபாய்ல கட்டுறீங்களா, இந்த ஊர் காசுல கட்டுறீங்களான்னு. சார் ரூபாய்னு அழுத்திட்டார். எப்பவும் அந்த ஊர் காசுன்னுதான் அழுத்தணும்."

"ரூபா நம்ம காசாச்சே. நம்ம காசுல கட்டுனா நல்லதுதான?"

"ரூபாய்னு சொன்னா, ஒரு ரூபாய்க்கு எவ்வளவுன்னு அந்தப் பக்கத்துக்காரன் முடிவு பண்ணுவான். அவன் வைக்கிறதுதான் ரேட்டு."

அவள் அந்தத் தாளை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு முகம் மலர்ந்தது.

"மல்லாட்ட வியாபாரி களத்துக்கே தராசத் தூக்கிக்கினு வர்ற மாதிரி. நமக்குத் தூக்குக்கூலி மிச்சம், வசதிதான். ஆனா தராசு அவனுது."

சித்தார்த்தன் சிரித்துவிட்டார். அதன் பிறகு அவரே வெளிநாடு போகிறவர்களுக்குத் தராசுக் கதையைச் சொல்லத் தொடங்கினார் என்று கேள்வி.

அந்த வருடமே கிருஷ்ணவேணி விழுப்புரம் தபால் நிலையத்தில் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாள். எந்த ஊருக்கும் போகிற திட்டம் இல்லை. "அது எப்படி இருக்கும்னு பாக்கலாம்னு" என்றுதான் போலீஸ் விசாரணைக்கு வந்தவரிடமும் சொன்னாள். வந்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, பில் புத்தகங்களுக்கு அடியில் வைத்தாள்.

போன வருடம் மழை நன்றாக இருந்தது. இலக்கை எட்டிவிட்டாள். கம்பெனியின் விற்பனை அதிகாரி பிரவீன்குமார் கடைக்கு வந்து சொன்னார். தை மாதம், பாங்காக், பட்டயா, ஐந்து நாள்.

"சார் பேரு போட்டுடட்டுமா மேடம்?"

"என் பேரு போடு."

பேனா நின்றது. "இல்ல மேடம், முப்பத்தெட்டு பேர்ல..."

"பொம்பள யாரும் வரலியா?"

"திண்டிவனம் விதைக்கடை ஜெசிந்தா மேடம் மட்டும் வர்றாங்க."

"அப்ப ரெண்டு பேரு. ஒரு ரூமு. எழுது."

அன்று மாலை வீட்டில் சுப்பராயலு கத்தவில்லை. கத்துகிற மனிதர் இல்லை. ஊர் என்ன சொல்லும் என்றும் கேட்கவில்லை. கேப்பைக் களியைப் பிட்டுக்கொண்டே, அவளைப் பார்க்காமல் ஒன்றுதான் கேட்டார்.

"அங்க நம்ம காசு செல்லாது. காசு மாத்தத் தெரியுமா ஒனக்கு?"

"ஒங்களுக்குத் தெரிஞ்சிதா?"

வாய் முந்திவிட்டது. சொன்ன உடனே அவளுக்கும் தெரிந்தது, சொல்லியிருக்கக் கூடாது என்று. அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துபோனார். அன்றிலிருந்து பதினெட்டு நாள் அவளிடம் நேராக ஒரு வார்த்தை இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பை நங்கென்று வைப்பார். அவள் சாப்பாடு போட்டால் சாப்பிடுவார். பயணத்தை விட்டுவிடலாமா என்று இரண்டு முறை நினைத்தாள். பிரவீன்குமாரின் எண்ணை எடுத்து, கூப்பிடாமலே வைத்தாள். விட்டுவிட்டால் அந்த வார்த்தை வெறும் குத்தலாக நின்றுவிடும். போய்வந்தால் வேறு ஏதாவது ஆகலாம். என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளலாமே என்றிருந்தது.

காசு வேலையை ஆரம்பித்தாள். புதுச்சேரியில் பணம் மாற்றும் நான்கு கடைகளில் ஏறி இறங்கினாள். போனில் தாய்லாந்து பாத் ஒன்றுக்கு இரண்டு எழுபத்துநாலு காட்டியது. முதல் கடை மூன்று ரூபாய் சொன்னது. நான்காவது கடையில் இரண்டு எண்பத்திரண்டுக்குப் படிந்தது. எட்டாயிரத்து ஐந்நூறு பாத் வாங்கினாள். மீதிக்கு நூறு டாலர் நோட்டு நான்கு. அவற்றில் ஒன்றில் மடிப்பு இருந்தது. வேறு கேட்டாள்.

"எல்லாம் செல்லும்மா."

"செல்லும். ஆனா கசங்கின நோட்டுக்கும், பத்து இருவது டாலர் சில்லறைக்கும் அங்க ரேட்டு கம்மியாம். எனக்கு மொடமொடன்னு குடுங்க."

கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் புது நோட்டு எடுத்துவந்தார். நான்கு நோட்டும் மடியாமல் கசங்காமல் பூச்சிமருந்துப் பட்டியல் புத்தகத்தின் நடுவே போய் உட்கார்ந்தன. கார்டு ஒன்று, வெளிநாட்டில் வேலை செய்யும்படி போனில் திறந்து, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று கட்டுப்போட்டு வைத்தாள். அது அவசரத்துக்கு.

விமான நிலையத்துக்குப் போகும் பேருந்தில் அந்தப் புத்தகத்தைப் பார்த்துச் சிரித்தவர் விருத்தாசலம். விழுப்புரத்தில் இரண்டு கடை வைத்திருப்பவர், மாவட்டத்திலேயே பெரிய வியாபாரி. "இன்னா தங்கச்சி, காச புஸ்தகத்துல வச்சி பாடம் படிக்கிறியா? நாலு கார்டு கீது என்னாண்ட. தேய்ச்சிக்கினே போவேன் நானு." பேருந்து முழுக்கச் சிரிப்பு. ஜெசிந்தா மட்டும் சிரிக்காமல் மெதுவாகக் கேட்டாள், "அக்கா, எனக்கும் சொல்லிக் குடுங்க."

பாங்காக்கில் விடிந்துகொண்டிருந்தது. குடியேற்ற அதிகாரியின் முன்னால் வரிசை நின்றது. எல்லாரிடமும் கேட்பதில்லை, யாரிடம் கேட்பார்கள் என்று முன்கூட்டித் தெரியாது. விருத்தாசலத்திடம் கேட்டார்கள். ஐந்து நாள் செலவுக்குப் பத்தாயிரம் பாத் கையில் இருக்கிறதா, காட்டு. அவர் நாலு கார்டையும் விசிறி மாதிரி விரித்துக் காட்டினார். அதிகாரி தலையை அசைத்துவிட்டு ஓர் ஓரத்தைச் சுட்டிக்காட்டினார். கம்பெனி ஆட்கள் இன்னும் பின்னால், வேறு வரிசையில். விருத்தாசலத்தின் சட்டைப் பையில் ஆயிரத்து ஐந்நூறு பாத்தும் இருபத்துநாலாயிரம் நம் ரூபாயும் இருந்தன. ஓரத்தில் பணம் மாற்றும் கண்ணாடிக் கூண்டு ஒன்று. ஓடினார். ஒரு பாத்துக்கு மூன்று ரூபாய் அறுபது பைசா. மொத்தத்தையும் கொடுத்தாலும் பத்தாயிரம் தேறாது. முகம் வெளுத்துவிட்டது. மூன்று மணி நேரம் பறந்து வந்து, வந்த விமானத்திலேயே திரும்பிப்போகிற வியாபாரியை விழுப்புரம் பத்து வருடத்துக்கு மறக்காது.

"ண்ணா, குடுக்காதீங்க," என்று கிருஷ்ணவேணி வரிசையை விட்டு வந்தாள். "அந்த ரேட்டு கொள்ள." தன் பாத் கட்டை எடுத்தாள். "எட்டாயிரத்து ஐந்நூறு கீது. நான் வாங்கினது ரெண்டு எண்பத்திரண்டு. அதே ரேட்டுக்கு எடுத்துக்குங்க. நான் டாலரு காட்டிக்கிறேன்."

அவர் ரூபாயை நீட்டினார். அவள் எண்ணினாள், மனசுக்குள் பெருக்கினாள். கைப்பையைத் திறந்து மூன்று பத்து ரூபாய்த் தாள்களை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

"இன்னா இது?"

"இருபத்து மூவாயிரத்து தொள்ளாயிரத்து எழுபதுதான் ஆவுது. மீதி முப்பது."

அவளுடைய முறை வந்தபோது அதிகாரி எதுவுமே கேட்கவில்லை. முத்திரை குத்தி அனுப்பிவிட்டார். கிருஷ்ணவேணிக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அடுத்த மூன்று நாளும் கதை மாறிவிட்டது. எந்தக் கடையில் கார்டு மெஷின் ஏதாவது கேட்டாலும் யாராவது ஒருவர் கையை உயர்த்தி, "அக்கா, ரூபாவா பாத்தான்னு கேக்குது!" என்பார். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பூதக்கண்ணாடியை வைத்து மெஷினின் முகத்தைப் படிப்பாள். தோல் பை கடையில் விருத்தாசலம் அவசரத்தில் ரூபாய் என்று அழுத்திவிட்டார். அவள் சீட்டை வாங்கிப் பார்த்து, ஒரு பாத் மூன்று ரூபாய்க்குமேல் போட்டிருப்பதைக் காட்டி, கடைப் பெண்ணிடம் கையாலும் கண்ணாலும் பேசி, அதை ரத்துசெய்து திரும்பப் போடவைத்தாள். ஆயிரத்து நூறு ரூபாய் குறைந்தது. அவளுக்கு அது பெரிய விஷயமில்லை. ரத்துசெய்ய முடியும் என்பதுதான் புதுச் செய்தி. போனிலேயே சித்தார்த்தனுக்கு எழுதி அனுப்பினாள்.

கடைசி நாள். பட்டயாவிலிருந்து விமான நிலையத்துக்குத் திரும்பும் வழியில், நெடுஞ்சாலையோரம் ஒரு கூட்ரோட்டில் பேருந்தைச் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். முக்கால் மணி நேரம். கிருஷ்ணவேணியின் கையில் நூற்று இருபது பாத் மட்டும். வேண்டுமென்றே அப்படிச் செலவழித்திருந்தாள். மிச்சம் கொண்டுபோனால் திரும்ப மாற்றும்போது இன்னொரு நஷ்டம். மாற்றாத டாலர் தாள் ஒன்றும் புத்தகத்துக்குள் இருந்தது.

சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு கடை. வாசலில் உர மூட்டைகள், கயிறு, ரப்பர் குழாய், உள்ளே அலமாரி நிறையப் புட்டிகள். எழுத்து ஒன்றும் புரியாவிட்டாலும் அது என்ன கடை என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மருந்து வாசனையே சொல்லிவிட்டது. சாப்பாட்டை விட்டுவிட்டு ஜெசிந்தாவை இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்தாள்.

உள்ளே இவள் வயதில் ஒரு பெண், முகம் பார்க்காமல் பில் எழுதிக்கொண்டிருந்தாள். கிருஷ்ணவேணி தன் போனில் கூட்டேரிப்பட்டுக் கடையின் படத்தைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். அந்தப் பெண் படத்தைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், கண்கள் விரிந்தன. மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து ஒவ்வொரு அலமாரியாகக் காட்டத் தொடங்கினாள். இரண்டு பேரும் புட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். மருந்தின் பெயர் மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது. அது போதுமாக இருந்தது. "இது நம்மகிட்டயும் கீது. இது இல்ல. இது தடபண்ணிட்டாங்க நம்மூர்ல." அந்தப் பெண் தாய்லாந்து மொழியில் ஏதோ பதில் சொன்னாள். ஜெசிந்தா நடுவில் நின்று இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

அப்போதுதான் ஆணியில் தொங்கிய அது கண்ணில் பட்டது. தெளிப்பானின் முனையில் மாட்டுகிற நாசில், அதன்மேல் கவிழ்த்த கிண்ணம்போல ஒரு குல்லா. களைக்கொல்லி அடிக்கும்போது சாரல் காற்றில் பறந்து பயிர்மேலும் ஆள்மேலும் படாமல் தடுப்பது. நம் ஊரிலும் வருகிறது, இரண்டு மாதத்தில் வெடித்துவிடும், ஓரத்தில் ஒழுகும். இதில் குல்லா இரட்டைச் சுவராக இருந்தது. ஓட்டையைக் கண்ணாடி வைத்துப் பார்த்தாள். வெட்டு அவ்வளவு சுத்தம். அந்தப் பெண் ஒரு தெளிப்பானில் தண்ணீர் ஊற்றி, அதை மாட்டி, மின்விசிறிக்கு எதிரே பிடித்து அடித்துக் காட்டினாள். தரையில் வட்டமாக விழுந்தது. ஒரு திவலைகூட மேலே எழவில்லை.

முந்நூற்றுத் தொண்ணூறு பாத்.

டாலரை நீட்டினாள். அந்தப் பெண் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். கார்டு மெஷின் இல்லை. மேசைமேல், போனைக் காட்டிப் பணம் கட்டுகிற கட்டம் போட்ட அட்டை இருந்தது, ஆனால் நம் போனில் அது வேலை செய்யவில்லை. ஜெசிந்தாவிடம் அறுபது பாத். பேருந்தடியில் பல் குத்திக்கொண்டிருந்த விருத்தாசலம், "இருந்தா குடுக்க மாட்டனா தங்கச்சி? நேத்தே காலி. எல்லாரும் காலி" என்று சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினார். பணம் மாற்றும் கடை அந்தக் கூட்ரோட்டில் இல்லை. பெட்ரோல் பங்க் ஓரத்தில் ஒரு ஏடிஎம் மட்டும் நின்றது.

கிருஷ்ணவேணி அதன் முன்னால் போய் நின்றாள். அந்த வங்கிக்கு இருநூற்று இருபது பாத். நம் வங்கிக்கு ஒரு கட்டணம். மூன்றரை. வரி. எண்ணூற்று இருபது ரூபாய் பக்கம் வந்தது. ஆயிரம் ரூபாய்ச் சாமானுக்கு எண்ணூறு ரூபாய் வழிச்செலவு. பேருந்து ஹாரன் அடித்தது.

"வாணாம் தங்கச்சி," என்றார் பின்னாலேயே வந்திருந்த விருத்தாசலம். உண்மையாகவே பதறிப்போயிருந்தார். "எண்ணூறு ரூபா தெண்டமா? நீயா?"

"தெரிஞ்சி குடுத்தா அது வெலைண்ணா. தெரியாம போனாத்தான் தெண்டம்."

கார்டைச் செருகினாள். முந்நூறு பாத் என்று அழுத்தினாள். நம் ரூபாயில் கணக்குப் போடட்டுமா என்று மெஷின் கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினாள். பணம் வந்தது. பேருந்திலிருந்தவர்கள் எல்லாரும் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்க, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்து ஓடினாள்.

கூட்டேரிப்பட்டில் அவள் பேருந்தைவிட்டு இறங்கியபோது சுப்பராயலு பைக்கோடு நின்றிருந்தார். எந்தப் பேருந்தில் வருவாள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பையை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டார். பைக் வீட்டில்தான் நின்றது. பையை இறக்கி வைத்தபின், சுவரைப் பார்த்தபடி கேட்டார்.

"எவ்ளோ போச்சி?"

"எண்ணூத்தி இருவது. ஒரே தடவ."

அவர் திரும்பினார். அதை அவர் எதிர்பார்க்கவில்லை. ஒன்றுமே போகவில்லை என்று சொல்வாள், தான் தலையாட்டிக்கொண்டு எழுந்துபோகலாம் என்றிருந்தார்போல.

"எதுக்கு?"

அவள் புடவைகளுக்கு நடுவிலிருந்து நாசிலை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "அன்னிக்கி நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றாள். அவர் நாசிலை எடுத்துத் திருப்பினார், குல்லாவைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், அடியில் விரலை விட்டுச் சுழற்றினார்.

"திருகு மரை சேராது நம்ம டேங்குக்கு," என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

மறுநாள் அவள் கடை திறக்கப் போகும்போது பைக் இல்லை. நாசிலும் இல்லை. மத்தியானம் திண்டிவனத்தில் லேத்துப் பட்டறை வைத்திருப்பவர் போன் செய்தார். "இன்னாமா, உங்க வூட்டுக்காரரு காலையிலேருந்து ஒக்காந்துக்கினு உயிர எடுக்குறாரு. பித்தளையில மரை போடு, அர நூலு கூட்டு, கொறைன்னு. இன்னா சாமான் இது?" அவள் சிரித்துக்கொண்டே, "செஞ்சி குடுங்கண்ணா" என்றாள்.

அடுத்த நாள் காலை, பனி முழுதும் விலகாத நேரத்தில், கரும்புக்கு நடுவில் களை மண்டியிருந்த பாத்தியில் சுப்பராயலு டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கினார். முதல் டேங்க் வெறும் தண்ணீர்தான், மருந்து இல்லை, அது அவள் போட்ட நிபந்தனை. காற்று கிழக்கிலிருந்து நன்றாகவே வீசியது. அவர் வேண்டுமென்றே காற்றுக்கு எதிராக நடந்தார். இரண்டு பாத்தி போய், இரண்டு பாத்தி திரும்பி வந்தார்.

மருந்தடிக்கிற நாளெல்லாம் அவருடைய மூக்குக்கண்ணாடி புள்ளி புள்ளியாக வெளுத்துப்போயிருக்கும். கைகளில் மருந்து இருப்பதால் அவர் அதைத் தொடமாட்டார். வரப்பில் வந்து குனிந்து நிற்பார், அவள்தான் கழற்றித் துடைத்து மாட்டிவிட வேண்டும். பேசாமலிருந்த நாட்களிலும் அது நடந்தது. இன்றும் வந்து குனிந்து நின்றார். கிருஷ்ணவேணி கண்ணாடியைக் கழற்றினாள், முந்தானையை எடுத்தாள். எடுத்த முந்தானை கையிலேயே நிற்க, கண்ணாடியைச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். பிறகு, துடைக்காமல், அப்படியே அவர் முகத்தில் மாட்டிவிட்டாள்.